காலனிக்குப் பங்கு வைத்த கடல்

என் வாயாடி அப்பாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது. செத்தவரிடம் அதைக் கேட்பது அபத்தம். ஆனால் நீ எங்கே இருந்தாலும் அங்கே ஒரு டீக்கடை இருக்கும், நாலு பேரை நிற்க வைத்து என்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அங்கே நீ சொல்லிக்கொண்டிருக்கிற தகவலில் ஒரு திருத்தம் இருக்கிறது.

உன் மகள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததாக நினைத்தோம். அப்படி நினைக்க வைத்தது நீ.

கோபப்படாதே, முழுசாகக் கேள். உயிரோடு இருந்தபோதுதான் என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விடவில்லை. இப்போதாவது விடு.

நீ எல்லோரிடமும் என்னைக் "கடல் பூச்சி டாக்டர்" என்று சொல்லி வைத்திருந்தாய். காலனியில் பாதிப் பேர் வயிற்றில் பூச்சி என்று என்னிடம் மருந்து கேட்டு வந்தார்கள். கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் இருக்கிற புரதங்களைத்தான் நான் பார்க்கிறேன் என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன்? கடைசியில் உன் கட்டட வேலையை வைத்துத்தான் புரியவைத்தேன்.

"ஒரு பில்டிங்குல இன்னைக்கு யாரு வேலைக்கு வந்திருக்காங்கன்னு பாத்தா என்ன வேலை நடக்குதுன்னு தெரியுமில்லப்பா? கம்பி கட்றவன் வந்தா ஆரம்பம். பெயிண்டரு வந்தா முடியப்போவுது. அந்த மாதிரி, கடல் சூடானா பூச்சிக்குள்ள வேற புரதம் வேலைக்கு வரும். அதப் பாத்து கடலுக்கு என்ன ஆவுதுன்னு சொல்லலாம்."

நீ ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாய்: "கூலி யாரு குடுக்கறது?"

"எனக்கா, புரதத்துக்கா?"

"உனக்குத்தான் கண்ணு."

"டில்லி."

"அப்ப நேரத்துக்கு வராது."

வரவில்லை. இன்றுவரை நேரத்துக்கு வந்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது அப்படியே பலித்தது.

மைசூரில் கடல் இல்லை. மாநாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டே, "இங்க உட்கார்ந்து கடலா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு, லேபில் எல்லோருக்கும் அவர் வெறும் "சார்", அந்தக் கேள்வி பிடிக்காது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து மார்கழியில் ஒரு கேன், சித்திரையில் ஒரு கேன். குளிர்காலத்துக் கடலையும் வெயில்காலத்துக் கடலையும் ஒப்பிட வேண்டும். அதுதான் திட்டம். தண்ணீரைக் கொண்டுவர வண்டி கிடையாது. பஸ்ஸில் வர வேண்டும். பெண் தனியாகப் போகக் கூடாது, வீட்டிலிருந்து ஓர் ஆண் துணை வர வேண்டும் என்று ஒரு விதி. அந்த ஆண் துணைக்குப் பஸ் டிக்கெட் உண்டா என்று கேட்டேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். விதி எழுதுகிறவர்களுக்கு எங்கே கை நிற்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

அப்படித்தான் நீ வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாய். ஐஸும் மரத்தூளும் வைத்து, ஈரச் சாக்கு சுற்றிய கேனை, கலவைச் சட்டி தூக்குகிற மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறினாய். போன வருஷம் சித்திரையில் கர்நாடக எல்லையில், பாலாறு செக்போஸ்டில் நடந்ததை நீ நூறு பேரிடம் சொல்லியிருப்பாய். இருந்தாலும் உன் வெர்ஷனில் நான் பேசியதெல்லாம் விட்டுப்போய்விடும் என்பதால் நானும் சொல்கிறேன்.

காட்டுக்குள் சந்தனக்கட்டைக் கடத்தல்காரனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த சமயம். அரிசிப் பையைக்கூடப் பிரித்துப் பார்ப்பார்கள். பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் சீட்டுக்கடியில் இருந்த கேனைத் தடியால் தட்டினார்.

"ஏனப்பா இது?"

"கடலு சார்."

"கேன்ல என்னன்னு கேட்டேன்."

"அதான் சார், கடலு. ஒரிஜினல்."

கேனோடு நம்மை இறக்கிவிட்டார்கள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சாராயமில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார். "உப்பு!"

"உப்பில்லாம இருந்தாத்தான் சார் நீங்க சந்தேகப்படணும்."

"மைசூருக்கு எதுக்கப்பா கடல்?"

"என் பொண்ணு அதுல இருக்கற பூச்சியப் பத்தி படிக்குது சார்."

"கடல்ல மீன் இல்லவா? பூச்சி யாக்கே?"

"மீனெல்லாம் பெரிய எடத்துப் புள்ளைங்க எடுத்துக்கிட்டாங்க சார். எங்களுக்குப் பூச்சிதான் மிச்சம்."

நான் லேப் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தி உன்னிடம் சொன்னார்: "நாளைக்கு அமாவாசை. மனைக்குத் தெளிக்கணும். ஒரு பாட்டில் குடப்பா. எங்க வீட்டு மேல கண்ணு ஜாஸ்தி."

"முடியாது சார், இது சாம்பிள்" என்றேன். நீ என் காலை மிதித்தாய். "சின்னப் புள்ள சார், அவளுக்குத் தெரியாது." அவர் நீட்டிய பாட்டிலை நீயே நிரப்பிக் கொடுத்தாய். அவர் சல்யூட் அடிக்காத குறையாக பஸ்ஸை அனுப்பினார். கொள்ளேகால் வரும்வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஒரு பாட்டிலு போனா கடலு வத்திடுமா?"

அமாவாசையில் கடல் தண்ணீரை வீட்டிலும் கடையிலும் தெளித்தால் திருஷ்டி கழியும் என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நம்பிக்கை போலீஸ்காரருக்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் நான் படித்தவள்.

மைசூர் வந்து சேர்ந்தால் லேப் பூட்டியிருந்தது. தொடர்ந்து விடுமுறை. குளிர் அறைச் சாவி சாரிடம், சார் தங்கை மகன் கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில். வாட்ச்மேன் சொன்னார்: "நான் என்ன மாட்லி, என்ன பண்ணட்டும்? சாவி இருந்தா தெறப்பேன்." வேறு வழியில்லாமல் கேனை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து, புது ஐஸ் சுற்றி, "யாரும் தொடக் கூடாது, நீயும்தான்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலை சாவிக்காகப் போனேன்.

அங்கே முகூர்த்தம் முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் பந்தி முடியட்டும் என்றார்கள். "யாரு இந்தப் பொண்ணு?" என்று ஒரு மாமி கேட்க, சார் "லேப்ல வேலை செய்யறவ" என்றார். படிக்கிறவள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாவி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்தேன்.

நீ கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உலகத்திலேயே நேர்மையான முகம் உன்னுடையதுதான். கேன் கழுத்துவரை நிறைந்திருந்தது. பாலாற்றில் ஒரு பாட்டில் போனதே, அப்புறம் எப்படிக் கழுத்துவரை நிற்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னேனே, படித்தவள்.

அந்தத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய உயிர்களை உடைத்து, அவற்றின் புரதங்களை ஒரு ஜெல்லிக்குள் மின்சாரம் விட்டு ஓட்டினோம். நீலச் சாயம் போட்டால் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும். மார்கழித் தண்ணீரில் இல்லாத ஒரு கோடு சித்திரைத் தண்ணீரில் இருந்தது. தடியான கோடு. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உப்பை அளந்தோம். கடலில் இருக்க வேண்டியதைவிட அதிகம்.

"எவாப்பரேஷன்!" என்று கத்தினார் சார். "கடல் காயறது! உப்பு ஏறறது! அதுக்குத்தான் இந்தப் புரதம்! புரியறதா உங்களுக்கெல்லாம்?"

அன்று லேபுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கோட்டைப் பற்றி ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார். என் உதவித்தொகை நீட்டிப்பு விண்ணப்பமும் அந்த ஒரே கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ துள்ளிக் குதிப்பாய் என்று பார்த்தேன். "கோடா?" என்று மட்டும் கேட்டாய். "ஆமாப்பா, கடல் சூடானதால." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தாய். "சரி கண்ணு, நல்லது" என்று டீக்கடைக்குப் போய்விட்டாய். அங்கே போய்த்தான் குதித்தாயாம்.

அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டதா அப்பா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயா? இல்லை, உனக்கும் அது நிஜமாகவே கடலின் கோடு என்றுதான் பட்டதா?

ஆவணியில் டீக்கடையில், கையில் டம்ளரோடு, "என் பொண்ணு" என்று ஆரம்பித்து மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். அடுத்து என்ன சொல்ல வந்தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைக்காரர் மட்டும் அழுதுகொண்டே சொன்னார்: "வேறென்ன, கோடு பத்தித்தான்."

உன் கருமாதிக்குக் காலனி மொத்தமும் வந்தது. வந்தவர்கள் உன் நல்ல குணங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் இட்லிக் கடை ராணியக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டு: "மேஸ்திரி குடுத்த சொம்புத் தண்ணியத் தெளிச்ச அப்பறந்தான் என் கடைல ஏவாரமே சூடு புடிச்சுது. அந்த மனுசன் கை ராசி."

கையில் வடையோடு நின்றுவிட்டேன். "எந்தத் தண்ணிக்கா?"

"கடலுத் தண்ணிதான். சித்திர அமாவாசைக்கு."

பக்கத்தில் இருந்த டெய்லர் நாகராஜ் அண்ணன் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கொடம் குடுத்தாரும்மா. அப்பறம் எங்க மிஷின்ல நூலே அறுந்ததில்ல" என்றார்.

"குடமா?"

"சின்னக் கொடம்தாம்மா."

ஆட்டோ பாபு எழுந்து நின்றே பேசினான். அவனுக்கு ஒரு பக்கெட். ஆட்டோவைக் கழுவியிருக்கிறான். உன்னை மாதிரி தாராள மனசு இனி இந்தக் காலனியில் பிறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத் தேம்பினான். அம்மா திடீரென்று இலை எடுப்பதில் மும்முரமானாள். அவளைப் பின்கட்டில் மடக்கினேன்.

"என்னம்மா நடந்துச்சு?"

"சும்னே இரு. வந்தவங்க சாப்பிடட்டும்."

"அம்மா!"

"கேட்டாங்க. குடுத்தாரு. கேன்ல பாதிக்கு மேல போயிடுச்சு. அப்பறம் நீ வந்தா கத்துவன்னு கொழாய்ல தண்ணி புடிச்சு ஊத்தி, ரெண்டு கை கல்லுப்பு போட்டு, அகப்பையால கலக்கினாரு. பத்தலன்னு இன்னும் ஒரு கை போட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அதுக்கு உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? கொழாய்த் தண்ணி காவேரி, காவேரி போறது கடலுக்கு. கல்லுப்பு வர்றது கடல்லேருந்து. ரெண்டையும் சேத்தா கடல் இல்லாம வேறென்ன சரோஜான்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுது."

உன் கருமாதியில் நான் சிரித்தேன் அப்பா. சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். உள்ளே இருந்தவர்கள் நான் அழுவதாக நினைத்து, "அழுவட்டும், விடு" என்றார்கள்.

கடல் காயவில்லை. உன் மூன்றாவது கைப்பிடிதான் அந்த எவாப்பரேஷன். அந்தத் தடிக் கோடு வெயிலுக்குப் பயந்து வந்த கோடு இல்லை. குழாய்த் தண்ணீரில் இருக்கிற பிளீச்சிங் பவுடர் பட்டு அந்த உயிர்கள் போட்ட கூச்சலாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் உன்மேல் முழுசாகக் கோபம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். நம் காலனிக்கு ஒரே ஒரு குழாய். என் லேபில் அந்தப் பூச்சிகளுக்கு ஏசி அறை, கரண்டு போனால் ஜெனரேட்டர். அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு குடம் தண்ணீருக்காக வரிசையில் நின்று சண்டை போடுகிற ஜனம் அன்றைக்கு நம் வாசலில் வரிசையில் நின்றது. இருபத்தைந்து வயசாகியும் கல்யாணம் பண்ணாமல் என்ன படிக்கிறாள் உன் பெண் என்று கேட்டவர்கள் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ எப்படி இல்லை என்பாய்? நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு அந்தத் தாராளம் வரவில்லை, அது உன்னோடு போய்விட்டது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி சுருங்கியது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"காலனிக்கே தெரியும் சார். வீட்டுக்கு வீடு தெளிச்சிருக்காங்க."

"அது போகட்டும். லேப்ல யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை அப்பா. மாநாட்டுச் சுருக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார், மைசூர்பாகு தின்ற எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சித்திரை வரட்டும், மறுபடி தண்ணீர் கொண்டுவா என்றார். ஆண் துணை விதியை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தச் சித்திரையில் தனியாகப் போனேன். சாவியை முன்கூட்டியே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டிலேயே ஆட்டோ பாபு பக்கெட்டோடு நின்றான். அவனைப் பார்க்காத மாதிரி வேறு ஆட்டோ பிடித்து நேராக லேபுக்குப் போனேன்.

கோடு இல்லை. மூன்று தடவை ஓட்டினேன். மார்கழியும் சித்திரையும் ஒன்று போலவே இருந்தன. கடல் நன்றாகத்தான் இருக்கிறது போலிருக்கிறது. அல்லது எங்களுக்குத் தெரிகிற அளவுக்கு இன்னும் கெடவில்லை. கடலுக்கு நல்ல சேதி, எனக்குக் கெட்ட சேதி.

இனி உதவித்தொகைக் குழுவுக்கு அறிக்கை எழுத வேண்டும். போன வருஷம் கோடு இருந்தது, இந்த வருஷம் இல்லை. ஏன் என்று காரணம் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னேன் என்பார்கள், உதவித்தொகை போய்விடும். சாரே எனக்காகக் காரணத்தை எழுதி வைத்திருந்தார். "படிப்பறிவில்லாத கூலியாளின் கவனக்குறைவால் மாதிரி கெட்டது."

படித்தேன். மறுபடி படித்தேன்.

"இது எங்கப்பா சார்."

"தெரியும்மா. பேரு போடலையே. இப்படிப் போட்டா குழுவுல யாரும் கேள்வி கேக்க மாட்டா. உனக்கும் சேதமில்லை, லேபுக்கும் சேதமில்லை. போனவருக்கு இதுல என்ன ஆகப்போறது?"

உண்மைதான். உனக்கு என்ன ஆகப்போகிறது? ஒரு கையெழுத்துப் போட்டால் எனக்கு இன்னும் ஒரு வருஷம் சோறு. அரை நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதை அடித்துவிட்டு எழுதினேன்: "வண்டியும் குளிர் அறைச் சாவியும் இல்லாததால் மாதிரி ஒரு வீட்டில் வைக்கப்பட்டது. அமாவாசைக்குக் கேட்டவர்களுக்குக் களப்பணி உதவியாளர் அதிலிருந்து கொடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரும் உப்பும் சேர்த்தார்." கீழே உன் பேர், முழுப் பேர், இனிஷியலோடு.

சார் பேனாவை எடுத்தார். "களப்பணி உதவியாளரா? அதெல்லாம் ஒரு போஸ்ட். லேபர்னு போடு."

"லேபர்னா கூலி குடுத்திருக்கணும் சார். குடுத்தீங்களா?"

அவர் ஜன்னல் வழியே சாமுண்டி மலையைப் பார்த்தார். மலை எங்கேயும் போகாது என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டார்.

குழுவில் மூன்று பேர். ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் கடைசிவரை என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதாக இருந்த பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. "கடலு நுண்ணுயிர் மேல ஊர்க் கொழாய்த் தண்ணி பட்டா அந்தப் புரதம் ஏன் வருது?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

"ஊர்த் தண்ணியெல்லாம் கடைசில கடலுக்குத்தானே போகுது? தெரிஞ்சுக்க வேண்டாமா?"

ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கேட்டேன், ஆறு மாதம். மாதிரி எடுக்கப் போகும்போது துணைக்கு வருகிறவருக்கு டிக்கெட் தர வேண்டும் என்று அதே அறையில் அதே மூச்சில் கேட்டேன். அதைப் பரிசீலிப்பார்களாம். பரிசீலிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன், உன் பெண் இல்லையா.

காலனி என்னை இன்னும் மன்னிக்கவில்லை. இந்த அமாவாசைக்குக் கடல் இல்லாமல் போனதில் ராணியக்கா கடையில் ஏவாரம் குறைந்துவிட்டதாம், அதற்கு நான்தான் காரணமாம். அம்மாவே அரை நாள் என்னோடு பேசவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். அடுத்த சித்திரைக்கு இரண்டு கேன் கொண்டுவருகிறேன். ஒன்று லேபுக்கு, ஒன்று ஜனத்துக்கு. லேப் கேன் பக்கம் வருகிற கையை ஒடிப்பேன். ஜனத்தின் கேனை எனக்குச் சாம்பிள் வேண்டும் என்று எந்தச் சார் வந்து கேட்டாலும் ஒரு சொட்டுத் தர மாட்டேன். அந்த வாசலில் நீ உட்கார்ந்த இடத்தில் நானே உட்கார்ந்து ஊற்றுவேன். கேட்கிறவர்களுக்கெல்லாம், யாரென்று பார்க்காமல், ஆட்டோ பாபுவுக்கும்கூட.

உன்னிடம் ஒரே ஒரு தடவை நன்றாகக் கத்த வேண்டியதைப் பாக்கி வைத்திருக்கும்,

உன் மகள்,
செல்வி